ஆயுதப்படையை மக்களாட்சியின் கையில் ஒப்படைத்த துங்கு

1957 ஆகஸ்டு 31. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் கையை உயர்த்தி ஏழு முறை மெர்டேக்கா என்று முழங்கிய துங்கு அப்துல் ரஹ்மானை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தக் காட்சி ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சியில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த முழக்கத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே, லண்டனில் அவர் கேட்டுப் பெற்ற ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்பும் உள்ளூர்ப் படைகளும் ஆங்கிலேய அதிகாரிகளிடமிருந்து மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரின் கைக்கு வந்தன. காட்டில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மூன்று இனக் கட்சிகளின் கூட்டணி ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றது.

விடுதலை பெற்ற பல புதிய நாடுகள் சில ஆண்டுகளிலேயே ராணுவத்தின் பிடியில் விழுந்தன. பாகிஸ்தான் 1958-இல் விழுந்தது, பர்மா 1962-இல். அதே 1962-இல் இலங்கையில் ஒரு ராணுவச் சதி கடைசி நேரத்தில் முறியடிக்கப்பட்டது. அண்டை நாடான தாய்லாந்தில் ராணுவப் புரட்சிகளை எண்ணிச் சொல்வதே சிரமம். மலாயாவில் அப்படி ஒன்று நடக்கவில்லை. அதற்கான அடித்தளம் இடப்பட்ட ஆண்டுகளில் நாட்டுக்குத் தலைமை தாங்கியவர் துங்கு.

கெடா இளவரசர், பினாங்கு மாணவர்

துங்கு 1903 பிப்ரவரி 8-ஆம் நாள் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை கெடா சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. தாயார் சே மஞ்சலாரா, சயாமிய அதிகாரி குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் பேங்காக்கில் சில காலம் படித்த துங்கு, பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் சேர்ந்தார். 1816-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியில் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அரண்மனையில் வளர்ந்த பிள்ளைக்கு வெவ்வேறு இனத்து நண்பர்கள் கிடைத்தது அங்கேதான்.

அங்கிருந்து கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போனார். 1925-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படிப்பைவிடக் காரும் பந்தயக் குதிரையும் பந்து விளையாட்டும் அவருக்குப் பிடித்திருந்தன. சட்டப் படிப்பைத் தொடங்கிப் பாதியில் விட்டார். பலமுறை தவறிய அந்தத் தேர்வில் அவர் இறுதியாகத் தேறியபோது வயது 45-ஐத் தாண்டியிருந்தது. 1930-களில் ஊர் திரும்பிக் கெடா அரசுப் பணியில் மாவட்ட அதிகாரியாக இருந்தார். அந்த நாள்களில் அவரைப் பார்த்தவர்கள் யாரும் இவர் ஒரு நாட்டை உருவாக்குவார் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை.

கொடி இறங்கிய பினாங்கு

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். டிசம்பர் 11-இல் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. கெடா சுல்தானைப் பினாங்குக்குக் கொண்டுபோய்ப் பாதுகாக்க ஏற்பாடு நடந்தது. அப்போது கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு, ஆட்சியாளர் தம் மக்களை விட்டுப் போகக்கூடாது என்று கருதினார். தந்தை வந்த காரை வழியில் திருப்பிக் கூலிமுக்கே அழைத்துப் போய்விட்டார். பெற்ற தந்தையையே கடத்தினார் என்று இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் பலரும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பினாங்கில் அந்த வாரம் நடந்தது வேடிக்கை அல்ல. ஆங்கிலேயப் படையும் அதிகாரிகளும் ஐரோப்பியக் குடும்பங்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் அனைவரும் கைவிடப்பட்டார்கள். கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரான எம். சரவணமுத்து, கொடி பறந்தால் மீண்டும் குண்டு விழும் என்பதால் அதை இறக்கினார். எல்லா இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழு ஒன்றை நடத்தி ஊரைச் சில நாள் காத்தார்.

தம்மைக் காக்கும் என்று நம்பிய படை தங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல என்பதைப் பினாங்கு மக்கள் அன்று கண்ணால் கண்டார்கள். அந்தப் படைக்கு உத்தரவு வேறு எங்கிருந்தோ வந்தது. புறப்படு என்று சொன்னதும் புறப்பட்டுவிட்டது. சுதந்திரம் என்ற பேச்சு மலாயாவில் சூடு பிடித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஜப்பானியர் காலத்தில் துங்கு கெடாவிலேயே இருந்தார். சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிர் தப்பி எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு அலோர் ஸ்டாரில் தங்குமிடமும் உணவும் கிடைக்க ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும் பங்கினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள்.

தேர்தல் கணக்கில் பிறந்த கூட்டணி

போர் முடிந்ததும் அமைதி திரும்பவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி காட்டுக்குள் போய் ஆயுதம் ஏந்தியது. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டு வேலி போடப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள்தான் மற்றொரு சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துப்பாக்கி யாருடைய கட்டளைக்குக் கட்டுப்படுகிறது என்பது அன்றைய தோட்டப் பாட்டாளிக்கு உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சூழலில்தான் 1951 ஆகஸ்டில் துங்கு அம்னோவின் தலைவரானார். அம்னோவை நிறுவிய டத்தோ ஓன் ஜாபார், கட்சியின் கதவை எல்லா இனத்துக்கும் திறக்கவேண்டும் என்றார். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. அவர் வெளியேறி, எல்லா இனத்தவரும் சேரக்கூடிய மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். கொள்கையளவில் ஓன் சொன்னது உயர்ந்தது. ஆனால் மக்கள் அன்று தங்கள் இனக் கட்சியையே நம்பினார்கள்.

துங்கு வேறு வழியைப் பிடித்தார். அவரவர் கட்சி அவரவருக்கு; தேர்தலில் மட்டும் ஒரே அணி. 1951 டிசம்பரில் நாட்டின் முதல் நகராட்சித் தேர்தல் ஜார்ஜ்டவுனில் நடந்தது. அடுத்து 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். அங்கே அம்னோவும் ம.சீ.ச.வும் உள்ளூர் அளவில் கைகோத்து 12 இடங்களில் 9-ஐ வென்றன. ஒரு நகரத்துக்கான தேர்தல் உடன்பாடுதான் பிறகு நாடு முழுவதற்குமான கூட்டணியாக வளர்ந்தது. கோலாலம்பூர் தேர்தலில் ஓனின் கட்சியை ஆதரித்த ம.இ.கா., 1954-இல் கே.எல். தேவாசர் தலைமையில் கூட்டணியில் சேர்ந்தது. மறு ஆண்டு வீ.தி. சம்பந்தன் ம.இ.கா. தலைவரானார்.

1955 ஜூலை 27-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். குடியுரிமை விதிகளால் சீனர், இந்தியர் பலருக்கு வாக்கு இல்லை. மலாய் வேட்பாளர்களை மட்டும் நிறுத்தினாலும் வெல்லலாம் என்ற நிலை. அம்னோவில் பலர் 90 விழுக்காடு இடங்களைத் தங்கள் கட்சிக்கே கேட்டார்கள். பதவி விலகுவேன் என்று எச்சரித்தே துங்கு அவர்களைப் பணியவைத்தார். மொத்தம் இருந்த 52 இடங்களில் அம்னோ 35, ம.சீ.ச. 15, ம.இ.கா. 2 என்று பிரிக்கப்பட்டது. மலாய் வாக்காளர்கள் சீன, இந்திய வேட்பாளர்களுக்கு வாக்களிப்பார்களா என்ற கேள்விக்கு முடிவே விடை சொன்னது. கூட்டணி 51 இடங்களை வென்றது. துங்கு முதலமைச்சரானார்; சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

பாலிங் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்

தேர்தலில் வென்றாலும் கையில் முழு அதிகாரம் இல்லை. போரை நடத்தியவர்கள் ஆங்கிலேயர். துங்கு 1955 செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தார். அதைத் தொடர்ந்து டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடாவின் பாலிங் நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. ஒருபுறம் துங்கு, ம.சீ.ச. தலைவர் டான் செங் லோக், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். மறுபுறம் கம்யூனிஸ்டுக் கட்சியின் சின் பெங், ரஷிட் மைடின், சென் தியென். துங்குவுக்கு வயது 52. காட்டிலிருந்து வந்த சின் பெங்குக்கு 31.

கம்யூனிஸ்டுக் கட்சியைச் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டும், சரணடைந்தவர்களை விசாரணை என்ற பெயரில் தடுத்து வைக்கக்கூடாது என்றார் சின் பெங். துங்கு இரண்டையும் மறுத்தார். பேச்சு முறிந்தது. ஆனால் முறியும் முன் சின் பெங் ஒரு வாக்குறுதி கொடுத்தார். உள்நாட்டுப் பாதுகாப்பும் படைகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்துவிட்டால் போரை நிறுத்தத் தயார் என்பதே அது.

துங்கு அதை இறுகப் பற்றிக்கொண்டார். பாலிங்கில் தோற்ற பேச்சு லண்டனில் அவருக்கு வலுவான ஆயுதமானது. போர் முடியவேண்டுமானால் பாதுகாப்பு அதிகாரத்தைத் தாருங்கள் என்று கேட்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. காலனி ஆட்சியை எதிர்த்தே சண்டை என்றால், அந்த ஆட்சி விலகிய பின் சண்டைக்கு என்ன நியாயம்?

லண்டனில் பெற்றது

1956 புத்தாண்டு நாளில் துங்குவின் குழு சிங்கப்பூரிலிருந்து கப்பலேறியது. நேரே விமானத்தில் போகாமல் கராச்சி வரை கப்பலில் போனதற்குக் காரணம் இருந்தது. மலாய் ஆட்சியாளர்களின் பிரதிநிதிகள் 4 பேரும் கூட்டணியின் பிரதிநிதிகள் 4 பேரும் கடலில் பேசி ஒருமித்த முடிவுக்கு வந்தார்கள். லண்டனில் இவர்களைப் பிரித்து வைக்க இடமில்லாமல் போயிற்று. கூட்டணியின் நால்வர் துங்கு, அப்துல் ரசாக், டாக்டர் இஸ்மாயில், எச்.எஸ். லீ. அவர்களில் இந்தியர் எவரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 8, துங்குவின் 53-ஆவது பிறந்தநாளன்று உடன்பாடு கையெழுத்தானது. 1957 ஆகஸ்டுக்குள் சுதந்திரம். அதற்கு முன்பே உள்நாட்டுப் பாதுகாப்பும் நிதியும் மலாயா அமைச்சர்களிடம். நாடு திரும்பிய துங்கு பாதுகாப்புத் துறையைத் தாமே எடுத்துக்கொண்டார். அவசரகால நடவடிக்கை மன்றத்துக்கு அவரே தலைவர். களத்தில் படையை நடத்தும் ஆங்கிலேயத் தளபதி, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மலாயா அமைச்சரின் தலைமையில் அமர்ந்து அறிக்கை தரவேண்டிய நிலை வந்தது.

இதற்கு ஏற்ற பழக்கம் ஒன்று ஏற்கெனவே நாட்டில் இருந்தது. 1950 முதல் மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் இயங்கிய போர்ச் செயற்குழுக்களில் மாநில அரசுத் தலைவரோ மாவட்ட அதிகாரியோ தலைமை வகித்தார். போலீஸ் அதிகாரியும் ராணுவ அதிகாரியும் உறுப்பினர்கள். அதாவது போர் நடக்கும் இடத்திலேயே சீருடை அணியாதவர் தலைமையில் முடிவு எடுக்கப்பட்டது. துங்குவின் அரசு அந்த முறைக்கு உச்சியில் மக்களின் வாக்கைச் சேர்த்தது.

1957 அரசமைப்புச் சட்டம் இதை நிலையாக்கியது. மாமன்னர் ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி. ஆனால் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். 137-ஆவது விதி ஆயுதப்படை மன்றத்தை அமைத்தது. அதன் தலைவர் தற்காப்பு அமைச்சர். கட்டுப்பாடு, நிர்வாகம் எல்லாம் அந்த மன்றத்தின் பொறுப்பு. படையை எங்கே, எதற்குப் பயன்படுத்துவது என்பது அரசின் முடிவு. முதல் தற்காப்பு அமைச்சர் அப்துல் ரசாக்.

ஆங்கிலேயர் உடனே போய்விடவில்லை. 1957 அக்டோபரில் பிரிட்டனுடன் தற்காப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. எதிர்க்கட்சிகள் இதைக் கடுமையாகச் சாடின. அம்னோவுக்குள்ளும் முணுமுணுப்பு இருந்தது. சொந்தப் படை இன்னும் சிறியது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டப் பணம் தேவை என்பதே துங்குவின் கணக்கு. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியப் போர் விமானங்கள் 1988 வரை நின்றதைப் பினாங்கு மக்கள் அறிவார்கள். அதே நேரம், அமெரிக்கா முன்னின்று அமைத்த சியாட்டோ ராணுவக் கூட்டணியில் துங்கு சேரவில்லை.

பொதுமன்னிப்பு மீண்டும் அறிவிக்கப்பட்டது. 1958-இல் கம்யூனிஸ்டு வீரர்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். 1960 ஜூலை 31-இல் 12 ஆண்டு அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் மலாயாப் படை ஐ.நா. கொடியின் கீழ் காங்கோவுக்குப் போனது.

படையின் வாசல் யாருக்குத் திறந்தது?

மலாய் ரெஜிமெண்ட் 1933-இல் 25 இளைஞர்களுடன் போர்ட் டிக்சனில் தொடங்கியது. அது மலாய்க்காரர்களுக்கு மட்டுமே. எல்லா இனத்தவரும் சேரக்கூடிய கூட்டரசு ரெஜிமெண்ட் 1952-இல்தான் தொடங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின்னும் இரண்டு வழிகளும் தொடர்ந்தன. மலாய் ரெஜிமெண்ட் தனியாகவே வளர்ந்தது. 1960-இல் கூட்டரசு ரெஜிமெண்ட் கவச வண்டிப் படையுடன் இணைக்கப்பட்டு வேவுப் படையாக மாறியது. 1958-இல் கடற்படை நாட்டின் பொறுப்புக்கு வந்தது. வான்படையும் அதே ஆண்டில் உருவானது. இவை எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்தன.

உயர் பதவிகளில் உள்நாட்டவரை அமர்த்துவதில் துங்கு அவசரப்படவில்லை. 1964-இல்தான் ஜெனரல் துங்கு ஒஸ்மான் ஆயுதப்படைகளின் முதல் மலேசியத் தலைவரானார். இந்த மெதுவான போக்கைப் பலர் குறை கூறினார்கள். 1967 டிசம்பரில் கடற்படையின் தலைமை முதன்முறையாக மலேசியர் ஒருவருக்கு வந்தது. அவர் ஒரு தமிழர், கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. அதுவரை அந்தப் பதவியில் ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் இருந்தார்கள். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் நாட்டின் கடற்படையை ஒப்படைத்ததும் துங்குவின் ஆட்சியில் நடந்ததுதான்.

தமிழர் மீதான அவருடைய அணுகுமுறைக்கு இன்னொரு சான்று 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. தனிநாயக அடிகளார் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டைத் தொடக்கி வைத்தவர் பிரதமர் துங்கு. ஆனால் அவருடைய ஆட்சிக் காலத்திலேயே ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துயரத்துக்கு மருந்தாகத்தான். கூட்டணியில் இடம் இருந்தும், தோட்டத்தில் பாதுகாப்பு இல்லை.

பினாங்கில் விழுந்த விரிசல்

கூட்டணியின் பலவீனம் முதலில் வெளிப்பட்டது ஒரு பினாங்குக்காரர் மூலம்தான். டாக்டர் லிம் சோங் இயூ 1958-இல் ம.சீ.ச. தலைவரானார். 1959 பொதுத் தேர்தலுக்கு 104 இடங்களில் 40-ஐத் தம் கட்சிக்குக் கேட்டார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் இருந்தால் அரசமைப்பைத் தன்னிச்சையாகத் திருத்தமுடியாது என்பது அவருடைய எண்ணம். துங்கு இதைப் பயமுறுத்தலாகப் பார்த்தார். கோரிக்கையை மறுத்தார். ம.சீ.ச.வுக்குக் கிடைத்தவை 31. கூட்டணி 74 இடங்களை வென்றது. லிம் பிறகு கட்சியைவிட்டே விலகினார்.

1955-இல் சொந்தக் கட்சியை எதிர்த்துச் சீனருக்கும் இந்தியருக்கும் இடம் வாங்கித் தந்தவரும், 1959-இல் அவர்கள் உரிமையாகக் கேட்டபோது மறுத்தவரும் ஒரே துங்குதான். நட்பின் பேரில் கொடுப்பது அவருக்கு எளிது. கணக்குப் போட்டுக் கேட்பதை அவரால் ஏற்கமுடியவில்லை. தலைவர்கள் ஒருவரை ஒருவர் நம்பும்வரை அந்தக் கூட்டணி நன்றாக ஓடியது. அந்த நம்பிக்கை கீழே கம்பத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு இறங்கியது என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஜார்ஜ்டவுன் எப்போதும் கூட்டணிக்குக் கட்டுப்படாத ஊர். 1957-இல் நகரமாக உயர்த்தப்பட்ட அந்த ஊரின் மேயராக இருந்தவர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். முன்பு ஸ்காட் ரோடு எனப்பட்ட சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மோதல் மறு ஆண்டே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை.

1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது பழைய மலாயா வெள்ளியும் மதிப்பு இழந்தது. வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த ஏழைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். தொழிற்கட்சி பினாங்கில் கடையடைப்புக்கு அழைத்தது. அது இனக்கலவரமாகத் திரும்பி, ஊரடங்கு போடவேண்டி வந்தது. இது முன்னெச்சரிக்கை. கோலாலம்பூரில் அதை உணர்ந்தவர் குறைவு.

1969: படை தெருவுக்கு வந்தபோது

1969 மே 10 தேர்தலில் கூட்டணிக்குப் பாதிக்கும் குறைவான வாக்குகளே கிடைத்தன. பினாங்கில் லிம் சோங் இயூவின் கெராக்கான் 24 சட்டமன்ற இடங்களில் 16-ஐ வென்று ஆட்சியைப் பிடித்தது. மே 13-இல் கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அரசுக் கணக்குப்படி மட்டும் 196 பேர் மாண்டார்கள். ராணுவம் தெருவுக்கு வந்தது. அனைத்து இனத்தவரையும் அது ஒரே மாதிரி நடத்தவில்லை என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. பெரும்பாலும் ஓர் இனத்தவரைக் கொண்ட ரெஜிமெண்ட் இனக்கலவரத்தை அடக்கப் போனால் என்ன ஆகும் என்ற பழைய கேள்விக்கு விடை தேடாமல் விட்டதன் விலை அது.

அவசரகாலம் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டது. அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் அமைந்தது. ஆயுதப்படைத் தலைவரும் போலீஸ்படைத் தலைவரும் அதில் உறுப்பினர்கள்; ம.சீ.ச.வின் டான் சியூ சின், ம.இ.கா.வின் சம்பந்தன் ஆகியோரும் இருந்தார்கள். துங்கு பிரதமராக நீடித்தார். அதிகாரம் அவர் கையில் இல்லை.

பல நாடுகளில் இந்தக் கட்டத்தில்தான் தளபதிகள் நாற்காலியில் அமர்ந்தார்கள். இங்கே மன்றத்தின் தலைமை அரசியல்வாதியிடமே இருந்தது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது; படை முகாமுக்குத் திரும்பியது. துங்கு போட்ட அடித்தளம் அவரைக் காப்பாற்றவில்லை, நாட்டைக் காப்பாற்றியது. 1970 செப்டம்பர் 22-இல் அவர் பதவி விலகினார்.

ஆயர் ராஜா சாலையில் ஒரு முதியவர்

ஓய்வுக் காலத்தின் பெரும்பகுதியைத் துங்கு பினாங்கில் கழித்தார். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் முதல் தலைமைச் செயலாளராக ஜெட்டாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, ஆயர் ராஜா சாலை வீட்டுக்குத் திரும்பினார். ஆங்கிலேயப் படை தங்கியிருந்த மிண்டன் முகாம் அந்த ஆண்டுகளில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக மாறியது. சிப்பாய்கள் அணிவகுத்த மைதானத்தில் மாணவர்கள் நடந்தார்கள்.

1959-இல் அவர் மறுத்து அனுப்பிய லிம் சோங் இயூதான் இப்போது பினாங்கு முதலமைச்சர். 1972-இல் அவருடைய கெராக்கான் மாநிலத்தில் கூட்டணியுடன் சேர்ந்து ஆட்சி அமைத்தது. 1974-இல் தேசிய முன்னணி பதிவானது. மூன்று கட்சிக் கூட்டணி விரிந்து பல கட்சி முன்னணியானது.

1971-இல் பினாங்கில் தொடங்கிய ஸ்டார் நாளிதழின் தலைவராகத் துங்கு பொறுப்பேற்றார். வாரந்தோறும் அதில் எழுதினார். தமக்குப் பின் வந்தவர்களை அச்சமின்றி விமர்சித்தார். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானபோது ஸ்டாரும் மூடப்பட்டது. சில மாதங்களில் அது மீண்டும் வந்தது. துங்குவின் பத்தி வரவில்லை. விசாரணையின்றிச் சிறைவைக்கும் அந்தச் சட்டம் 1960-இல் அவருடைய அரசு கொண்டுவந்ததுதான். ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக என்று சொல்லி இயற்றப்பட்டது, அரசியல்வாதிகள் மீதும் சமூக ஊழியர்கள் மீதும் பாய்ந்ததை அவர் தம் 84-ஆவது வயதில் பார்த்தார். எதிர்த்துக் குரல் கொடுத்தார். படையைக் கட்டுப்படுத்தியவரின் அரசு, போலீஸுக்குக் கொடுத்த அதிகாரத்துக்கு எல்லை வைக்க மறந்திருந்தது.

1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் மலேசிய, தாய்லாந்து அரசுகளுடன் சின் பெங் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டார். பாலிங்கில் முடியாதது 34 ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. துங்கு அதைக் காண உயிரோடு இருந்தார். மறு ஆண்டு டிசம்பர் 6-இல், 87-ஆவது வயதில் கோலாலம்பூரில் காலமானார். உடல் கெடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு லங்கார் அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

துங்கு குறையற்றவர் அல்லர். கூட்டணியைத் தலைவர்களின் நட்போடு நிறுத்திவிட்டார். படையின் வாசலை முழுதாகத் திறக்காமல் பாதியில் விட்டார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ராணுவத்தில் சேருகிறார்கள் என்ற கேள்வி இன்றும் நம் சமூகத்தில் எழுகிறது. ஆனாலும் சுதந்திரம் பெற்ற நாள் முதல் இந்த நாட்டில் ஆட்சி மாறியதெல்லாம் வாக்குப்பெட்டியாலும் நாடாளுமன்றக் கணக்காலும்தான். ஒரு முறைகூடத் துப்பாக்கியால் அல்ல. 1941-இல் தம்மைக் கைவிட்டுப் போன படையைப் பார்த்த பினாங்கு மக்களுக்கு, அதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.